படம் திறக்கவில்லையா? அதன் முதல் எண்களைப் பாருங்கள்

மாணவர்களே, உங்கள் பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் ஆண்டிதழ் ஒன்றை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொங்கல் விழா, சொற்போர், ஐந்தாம் படிவ மாணவர்களின் பிரியாவிடை என நாற்பது படங்கள் பலரிடமிருந்து வந்து சேர்ந்துவிட்டன. நாளைக் காலை எல்லாம் அச்சகத்துக்குப் போக வேண்டும். படங்களை ஒவ்வொன்றாக ஃபோட்டோஷாப்பில் திறக்கிறீர்கள். முப்பத்தைந்து படங்கள் திறக்கின்றன. ஐந்து படங்கள் திறக்கவில்லை. 'அறியப்படாத அல்லது செல்லாத ஜேபெக் குறி காணப்பட்டது' என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி மட்டும் திரையில் தோன்றுகிறது.

இந்த இடத்தில் பலர் செய்வது என்ன? படம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அழித்துவிடுகிறார்கள். அல்லது இணையத்தில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு 'படம் சரிசெய்யும்' மென்பொருளைப் பதிவிறக்கம் செய்கிறார்கள். பிரியாவிடை நிகழ்ச்சியை மறுபடியும் நடத்திப் படம் எடுக்க முடியாது. அதனால் அவசரப்படக் கூடாது.

'திறக்கவில்லை' என்பதும் 'அழிந்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. திறக்காத படங்களில் பல, எந்தச் சேதமும் இல்லாமல் முழுமையாகவே இருக்கும். மென்பொருளுக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். எது உண்மையில் கெட்டது, எது கெடவில்லை என்பதை மூன்று கேள்விகள் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம். கோப்பின் பெயர் உண்மையைச் சொல்கிறதா? கோப்பு முழுமையாக இருக்கிறதா? இந்த மென்பொருளுக்கு இந்த வகைக் கோப்பு தெரியுமா? இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

படம் என்பது எண்களின் வரிசை

கணினிக்குள் படம் என்று தனியாக ஒன்று கிடையாது. எண்கள் மட்டுமே உண்டு. 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணை வைக்கும் இடத்துக்குப் பைட் என்று பெயர். கைப்பேசியில் 4000 படப்புள்ளி அகலமும் 3000 படப்புள்ளி உயரமும் உள்ள ஒரு படத்தை எடுத்தால், அதில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் தேவை. அப்படியே எழுதி வைத்தால் 3 கோடியே 60 இலட்சம் பைட்டுகள், அதாவது 36 மெகாபைட் ஆகும்.

ஆனால் உங்கள் கைப்பேசியில் அந்தப் படம் பெரும்பாலும் சில மெகாபைட் அளவுதான் இருக்கும். காரணம், எண்கள் சுருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. சுருக்குவதற்குப் பல முறைகள் உள்ளன. ஜேபெக் ஒரு முறை. பிஎன்ஜி மற்றொரு முறை. ஜிஃப், டிஃப், வெப்பி, எச்இஐசி ஆகியவை வேறு முறைகள். சுருக்கெழுத்தில் எழுதிய ஒரு குறிப்பைப் படிக்க வேண்டுமானால், அந்தச் சுருக்கெழுத்து முறை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? படத்தைத் திறக்கும் மென்பொருளுக்கும் அதே நிலைதான்.

எதையும் தொடுவதற்கு முன்

சோதனையைத் தொடங்குமுன் ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். அதை நகலெடுத்து, நகலில் மட்டும் சோதனை செய்யுங்கள். பெயரை மாற்றுவது, வேறு மென்பொருளில் திறந்து சேமிப்பது, பழுதுபார்ப்பது எல்லாமே நகலில்தான் நடக்க வேண்டும். மூலக் கோப்பு இருக்கும்வரை எத்தனை முறை தவறினாலும் மறுபடி தொடங்கலாம்.

முதல் கேள்வி: பெயர் உண்மையைச் சொல்கிறதா?

கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் சில எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். ஜேபிஜி, பிஎன்ஜி என்றெல்லாம் இருக்கும். இந்தப் பின்னொட்டைப் பார்த்துத்தான் எந்த மென்பொருளைத் திறப்பது என்று விண்டோஸ் முடிவு செய்கிறது. ஆனால் பின்னொட்டு ஒரு பெயர்ச்சீட்டு மட்டுமே. மைலோ டின்னில் அம்மா முறுக்குப் போட்டு வைத்திருப்பார். டின்னின் மேல் மைலோ என்று எழுதியிருப்பதால் உள்ளே இருக்கும் முறுக்கு மைலோ ஆகிவிடாது. அதுபோலவே, பிஎன்ஜி கோப்பின் பெயரை மாற்றி ஜேபிஜி என்று எழுதினால் உள்ளே இருக்கும் எண்கள் ஒன்றுகூட மாறாது.

அப்படியானால் உள்ளே இருப்பது என்ன என்பதை எப்படி அறிவது? கோப்பு வகைகளை உருவாக்கியவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் குறிப்பிட்ட சில எண்கள் இருக்கும். அவற்றைக் கோப்பின் கையொப்பம் எனலாம்.

ஜேபெக்: 255, 216, 255
பிஎன்ஜி: 137, 80, 78, 71, 13, 10, 26, 10
ஜிஃப்: 71, 73, 70, 56
பிஎம்பி: 66, 77
டிஃப்: 73, 73, 42, 0 அல்லது 77, 77, 0, 42
ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி: 56, 66, 80, 83

இந்த எண்களில் சில, ஆங்கில எழுத்துகளைக் குறிப்பவை. கணினியில் 80 என்றால் 'பி', 78 என்றால் 'என்', 71 என்றால் 'ஜி'. ஆகவே பிஎன்ஜி கோப்பு தன் பெயரைத் தானே உள்ளே எழுதி வைத்திருக்கிறது. ஜிஃப் கோப்பும் அப்படியே. 71, 73, 70 ஆகிய மூன்றும் 'ஜி', 'ஐ', 'எஃப்'.

1996ஆம் ஆண்டில் வெளிவந்த பிஎன்ஜியின் எட்டு எண்களில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அக்காலத்தில் சில தொடர்பு வழிகள் 127க்கு மேற்பட்ட எண்களைச் சரியாகக் கடத்தமாட்டா. அந்தத் தவறு நடந்தால் முதல் எண்ணாகிய 137 மாறிவிடும். வேறு சில மென்பொருள்கள், படக்கோப்பை எழுத்துக்கோப்பு என்று நினைத்து, வரி முடிவைக் குறிக்கும் 13, 10 ஆகிய எண்களைத் தம் விருப்பப்படி மாற்றிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் 13, 10 என்ற இணை ஓரிடத்திலும், 10 தனியாக இன்னோர் இடத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆக, இந்த எட்டு எண்களும் சரியாக இருந்தால், கோப்பு வரும் வழியில் இத்தகைய கோளாறுகள் நேரவில்லை என்று நம்பலாம்.

இனி நீங்களே பார்க்கலாம். முதலில் பின்னொட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். விண்டோஸ் வழக்கமாக அதை மறைத்து வைக்கும். விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேற்பகுதியில் உள்ள 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

அடுத்து, படத்தின் நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகள் கடல்போல் வரும். அவற்றைப் பொருட்படுத்தாமல் முதல் வரியை மட்டும் கவனியுங்கள். 'பிஎன்ஜி' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அது பிஎன்ஜி. 'ஜேஎஃப்ஐஎஃப்' அல்லது 'எக்சிஃப்' என்ற எழுத்துகள் தொடக்கத்தில் தெரிந்தால், அது பெரும்பாலும் ஜேபெக். பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். நோட்பேடில் சேமித்தால் எண்கள் மாறிப் படம் உண்மையிலேயே கெட்டுவிடும்.

எண்களையே காண வேண்டுமானால் எச்எக்ஸ்டி போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது எண்களைப் பதினறும முறையில் காட்டும். அந்த முறையில் 10 முதல் 15 வரையுள்ள எண்களுக்கு ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளைப் பயன்படுத்துவர். ஜேபெக்கின் இரண்டாம் எண் 'டி8' என்று தெரியும். டி என்றால் 13. 13ஐ 16ஆல் பெருக்கி 8ஐக் கூட்டினால் 216. கணிதப் பாடத்தில் படித்த எண்ணடிமானம் இங்கே கைகொடுக்கிறது.

பெயரும் கையொப்பமும் பொருந்தவில்லை என்றால் என்ன பொருள்? சில பொதுவான நிலைகள் இவை.

ஒன்று, ஜேபிஜி என்ற பெயரில் பிஎன்ஜி அல்லது வெப்பி படம் இருக்கிறது. யாரோ பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இணைய உலாவி இந்தப் படத்தைத் தயக்கமின்றிக் காட்டும். அது பின்னொட்டை நம்பாமல் கையொப்பத்தைப் பார்க்கிறது. ஃபோட்டோஷாப்போ பெயரில் ஜேபிஜி என்றிருப்பதைக் கண்டு ஜேபெக் முறையில் படிக்கத் தொடங்குகிறது. 255, 216 இருக்க வேண்டிய இடத்தில் 137, 80 இருக்கிறது. உடனே 'செல்லாத ஜேபெக் குறி' என்று சொல்லி நின்றுவிடுகிறது. தீர்வு எளிது. நகலின் பின்னொட்டை உண்மையான வகைக்கு மாற்றுங்கள். படம் திறந்துவிடும்.

இரண்டு, நோட்பேடில் முதல் வரியில் 'டாக்டைப் எச்டிஎம்எல்' என்று படிக்கக்கூடிய ஆங்கிலச் சொற்கள் தெரிகின்றன. அப்படியானால் அது படமே அல்ல. படத்தைச் சேமிப்பதற்குப் பதிலாக, படம் இருந்த இணையப் பக்கத்தைச் சேமித்திருக்கிறீர்கள். எந்தப் பழுதுபார்ப்பும் உதவாது. மூலப் பக்கத்துக்குச் சென்று படத்தை மறுபடி பதிவிறக்கம் செய்ய வேண்டும்.

மூன்று, முதல் இரண்டு எண்கள் 77, 90 என்று இருக்கின்றன. எச்சரிக்கை! இது விண்டோசில் இயங்கும் ஒரு நிரலின் கையொப்பம். பெயர் 'படம்.ஜேபிஜி.இஎக்ஸ்இ' என்றிருந்து, கடைசிப் பின்னொட்டு மறைந்திருந்தால், பார்ப்பதற்குப் படம் போலவே தெரியும். இருமுறை சொடுக்கினால் நிரல் இயங்கத் தொடங்கிவிடும். தீய நிரல்களைப் பரப்புவோர் இந்த உத்தியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். இத்தகைய கோப்பைத் திறக்காமல் நீக்கிவிட்டு, அனுப்பியவருக்கும் தெரிவியுங்கள்.

இரண்டாம் கேள்வி: கோப்பு முழுமையாக இருக்கிறதா?

பெயரும் கையொப்பமும் பொருந்துகின்றன, ஆனாலும் படம் திறக்கவில்லை என்றால், அடுத்து அளவைப் பாருங்கள். கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். அளவு 0 பைட் என்றிருந்தால் உள்ளே ஒன்றுமில்லை, பெயர் மட்டுமே வந்திருக்கிறது. மற்றப் படங்கள் 4 மெகாபைட் இருக்க, இது மட்டும் சில கிலோபைட் என்றால், நகலெடுக்கும்போது பாதியில் நின்றிருக்கலாம். விரலியை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கினாலும், இணையத் தொடர்பு இடையில் அறுந்தாலும் இப்படி ஆகும்.

கோப்பின் பக்கத்தில் மேகம் போன்ற ஒரு சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பில் கோப்பின் பெயர் மட்டும் உங்கள் கணினியில் இருக்கும், உள்ளடக்கம் தொலைவில் உள்ள சேவையகத்தில் இருக்கும். இணையத் தொடர்பு இல்லாதபோது அந்தப் படம் திறக்காது. இணையத்தில் இணைத்து முழுவதும் இறங்கும்வரை காத்திருந்தாலே போதும்.

சில சமயம் ஒரு விந்தை நடக்கும். கோப்புறையில் படம் சிறிய அளவில் அழகாகத் தெரியும். ஆனால் திறந்தால் பிழைச் செய்தி வரும். இது எப்படி? கேமராவும் கைப்பேசியும் எடுக்கும் ஜேபெக் படங்கள் பலவற்றில், முழுப்படத்தோடு சேர்த்து ஒரு குட்டிப் படமும் கோப்பின் தொடக்கப் பகுதியில் வைக்கப்படுகிறது. நீங்கள் பார்த்தது அந்தக் குட்டிப் படத்தை. தொடக்கப் பகுதி பிழைத்திருக்கிறது, பெரிய படம் இருக்கும் பகுதி சேதமாகியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

வேறு சில படங்கள் திறக்கும், ஆனால் மேல்பாதி மட்டும் தெரிந்து கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும். அல்லது ஓர் இடத்திலிருந்து கீழே எல்லாம் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ மாறியிருக்கும். ஜேபெக் எழுதப்படும் முறையே இதற்குக் காரணம்.

ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 படப்புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் சராசரி ஒளியளவையும் முழுதாக எழுதுவதில்லை. முந்தைய கட்டத்தைவிட எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் எழுதுகிறது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் தம் கணக்கேட்டில் 'நேற்றைவிட 5 ரிங்கிட் கூடுதல்', 'நேற்றைவிட 3 ரிங்கிட் குறைவு' என்று மட்டும் எழுதி வருகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நாள் கணக்குத் தவறினால், அதன் பின் வரும் எல்லா நாள்களின் கணக்கும் தவறிவிடும். அதனால்தான் ஓரிடத்தில் தொடங்கும் நிற மாற்றம் கீழே முழுவதும் பரவுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஜேபெக்கில் அடிக்கடி வரும் மதிப்புகளுக்குக் குறுகிய குறியீடும், அரிதாக வரும் மதிப்புகளுக்கு நீண்ட குறியீடும் தரப்படுகின்றன. குறியீடுகளுக்கு நடுவே இடைவெளி இருக்காது. தமிழ் இலக்கணத்தில் பொதுமொழி படித்திருப்பீர்கள். 'பலகை' என்பதைச் சேர்த்துப் படித்தால் மரப்பலகை, 'பல கை' என்று பிரித்துப் படித்தால் பல கைகள். பிரிக்கும் இடம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. ஜேபெக்கிலும் ஓர் எண் கெட்டுவிட்டால் எங்கே பிரிப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாமல் போய், அடுத்தடுத்து வருபவையும் தவறாகப் படிக்கப்படுகின்றன.

ஜேபெக் கோப்பு முழுமையானதா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. அதன் படத்தரவு 255, 217 என்ற இரண்டு எண்களோடு முடிய வேண்டும். கோப்பின் கடைசியில் அவை இல்லாமல் வேறு ஏதோ எண்ணோடு திடீரென நின்றால், வால் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பிஎன்ஜி இதில் இன்னும் கண்டிப்பானது. அதன் உள்ளடக்கம் துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டின் இறுதியிலும் அந்தத் துண்டின் எண்களைக் கொண்டு கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். மென்பொருள் தானும் கணக்கிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் துண்டு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கோப்பு முழுமையாக இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? பழுதுபார்ப்பதைவிட, மறுபடி நகலெடுப்பதே சிறந்த வழி. வராத பைட்டுகளை எந்த மென்பொருளாலும் உண்மையாக உருவாக்கித் தர முடியாது. படம் எடுத்தவரின் கைப்பேசியிலோ கேமராவிலோ மூலப் படம் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். நாள் கடந்தால் அவரும் அழித்துவிடக்கூடும்.

மூன்றாம் கேள்வி: மென்பொருளுக்கு இந்த வகை தெரியுமா?

பெயர் சரி, கோப்பும் முழுமை. இருந்தும் திறக்கவில்லை என்றால், குறை பெரும்பாலும் படத்தில் இல்லை. உங்கள் மென்பொருள் கற்காத ஒரு முறையில் படம் எழுதப்பட்டிருக்கலாம்.

ஜேபெக் தரநிலை 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருப்பதால் ஏறக்குறைய எல்லா மென்பொருளுக்கும் அது தெரியும். புதிய வகைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கூகல் நிறுவனம் வெப்பியை 2010ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. ஆனால் ஃபோட்டோஷாப், துணைநிரல் எதுவும் இல்லாமல் வெப்பியை நேரடியாகத் திறக்கத் தொடங்கியது 2022ஆம் ஆண்டில்தான். பள்ளிக் கணினியில் அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால், நல்ல வெப்பி படமும் திறக்காது. வெப்பியின் முதல் நான்கு எண்கள் 82, 73, 70, 70. ஒன்பதாம் எண்ணிலிருந்து 87, 69, 66, 80 என்று வரும்.

ஐபோன் வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து வரும் எச்இஐசி படங்களும் இப்படித்தான். 2017ஆம் ஆண்டில் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7உம் அதற்குப் பிந்தியவையும் படங்களை வழக்கமாக இந்த முறையில் சேமிக்கின்றன. ஜேபெக்கைவிட ஏறத்தாழப் பாதி இடமே போதும் என்பது இதன் சிறப்பு. விண்டோசில் இதைத் திறக்க, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எச்இஐஎஃப், எச்இவிசி ஆகியவற்றுக்கான நீட்சிகள் தேவைப்படலாம். அதைவிட எளிய வழி, படம் எடுப்பவரிடமே சொல்வது. ஐபோனின் 'செட்டிங்ஸ்', அதற்குள் 'கேமரா', அதற்குள் 'ஃபார்மட்ஸ்' சென்று 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகச் சேமிக்கப்படும்.

பெரிய கேமராவில் எடுத்த 'ரா' வகைப் படங்கள் மூன்றாவது வகை. இவை கேமராவின் உணரி பதிந்த அளவுகளை ஏறக்குறைய அப்படியே வைத்திருப்பவை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருக்கிறது. ஒரே நிறுவனத்தின் புதிய கேமராவுக்கும் பழைய கேமராவுக்கும் வேறுபாடு இருக்கும். கெனான் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் சிஆர்3 என்ற புதிய வகைக்கு மாறியது. அதற்கு முன் வந்த மென்பொருள் சிஆர்3 படத்தை அறியாது. இத்தகைய நிலையில் மென்பொருளைப் புதுப்பிக்கலாம். அல்லது அடோபி நிறுவனம் இலவசமாகத் தரும் டிஎன்ஜி மாற்றி மூலம், பழைய மென்பொருளும் படிக்கக்கூடிய டிஎன்ஜி வகைக்கு மாற்றலாம்.

அச்சகத்திலிருந்து வரும் ஜேபெக் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. திரைக்கான படங்கள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் எழுதப்படும். அச்சுக்கான படங்கள் அச்சு மையின் நான்கு நிறங்களில் எழுதப்படலாம். இரண்டும் ஜேபெக்தான். ஆனால் எளிய மென்பொருள்கள் சில, நான்கு நிறப் படத்தைத் திறக்க மறுக்கும் அல்லது நிறங்களைத் தலைகீழாகக் காட்டும். நான்கு நிறத்தை அறிந்த மென்பொருளில் திறந்து மூன்று நிறத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அளவும் ஒரு தடையாகலாம். ஜேபெக்கில் அகலத்தையும் உயரத்தையும் குறிக்கத் தலா இரண்டு பைட்டுகளே உண்டு. இரண்டு பைட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. ஆகவே எந்த ஜேபெக் படமும் ஒரு பக்கத்தில் அதற்கு மேல் போக முடியாது. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி வகைக்கு வரம்பு 30,000 படப்புள்ளிகள்.

மெமரி கார்டே திறக்கவில்லை என்றால்?

ஒரு படம் அல்ல, கார்டில் உள்ள எல்லாப் படங்களும் காணாமல் போய்விட்டன என்று வையுங்கள். அல்லது கார்டைச் செருகியதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று கணினி கேட்கிறது என்று வையுங்கள். இங்கே அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்திவிடாதீர்கள். அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கேமராவிலிருந்து அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

காரணம் இதுதான். மெமரி கார்டில் ஒரு நூலகத்தில் இருப்பது போன்ற அட்டவணை உண்டு. எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லும். படத்தை அழிக்கும்போது பொதுவாக அட்டவணைக் குறிப்புதான் நீக்கப்படுகிறது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது. அட்டவணை சேதமானாலும் அப்படித்தான். ஆனால் புதிய படம் எடுத்தால், காலியிடம் என்று எண்ணி அந்த அலமாரியிலேயே கேமரா எழுதிவிடும். அதன் பிறகு பழைய படம் திரும்பாது.

ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருள்கள் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை தேடிச் செல்கின்றன. 255, 216, 255 என்ற வரிசையைக் கண்டதும் 'இங்கே ஒரு ஜேபெக் தொடங்குகிறது' என்று அறிந்து எடுத்துக்கொள்கின்றன. மேலே நீங்கள் படித்த அதே கையொப்பம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. பெயரும் தேதியும் தொலைந்திருக்கலாம், படம் கிடைத்துவிடும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும். கார்டைக் கணினி அடையாளம் காணவே இல்லை என்றால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி, தரவு மீட்பில் அனுபவமுள்ள கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு இந்த நம்பிக்கை குறைவு. அழித்த கோப்பின் இடத்தை விரைவிலேயே காலிசெய்யும்படி பல கணினிகள் எஸ்எஸ்டிக்குக் கட்டளையிடுகின்றன.

படத்தை இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்று கூறும் இணையத்தளங்களைப் பற்றியும் ஒரு சொல். அங்கே பதிவேற்றும் படம் உங்கள் கையை விட்டுப் போகிறது. அதில் இருப்பது உங்கள் முகம் மட்டுமல்ல, வகுப்புத் தோழர்களின் முகங்களும்தான். அவர்களின் சம்மதம் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையில்லாத ஒரு ஜேபெக் படத்தை நான்கு முறை நகலெடுங்கள். முதல் நகலின் பின்னொட்டைப் பிஎன்ஜி என்று மாற்றி, உலாவியிலும் படத்தொகுப்பு மென்பொருளிலும் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டாம் நகலை எச்எக்ஸ்டியில் திறந்து, நடுப்பகுதியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிச் சேமியுங்கள். மூன்றாம் நகலின் கடைசிப் பாதியை நீக்கிவிடுங்கள். நான்காம் நகலின் முதல் எண்ணாகிய 255ஐ 0 ஆக்குங்கள். எந்த நகல் திறக்கிறது, எது பாதி திறக்கிறது, எது திறக்கவே இல்லை என்று எழுதி வையுங்கள்.

நான்காம் நகல் உங்களை வியக்க வைக்கும். இலட்சக்கணக்கான எண்களில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. படத்தரவு முழுவதும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் மென்பொருள் 'இது படமே இல்லை' என்று சொல்லிவிடும். அந்த 0ஐ மறுபடி 255 ஆக்கிச் சேமித்தால், படம் முன்போலவே திறக்கும். பிழைச் செய்தி வந்த மறுநொடியே படத்தை அழிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கடைசியாக, படம் சேகரிக்கும் வேலை உங்களிடம் வந்தால் மூன்றைச் செய்யுங்கள். புலனத்தில் அனுப்பும் நண்பர்களிடம், படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, அச்சுக்கு வேண்டிய தெளிவை இழந்துவிடும். படங்கள் வந்த அன்றே ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் வேறோர் இடத்தில் ஒரு நகல் வையுங்கள். இதழ் அச்சாகி வரும்வரை, படம் எடுத்தவர்கள் யாரும் தங்கள் கைப்பேசியிலிருந்து மூலப் படத்தை அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.